அயனிச் சேர்மங்களுக்கு வாய்பாடு எழுதுவது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்காகவும், மாலையில் அவர்களை உட்கார வைத்துப் பாடம் சொல்லும் பெற்றோருக்காகவும், படிப்பை நிறுத்திப் பல ஆண்டுகள் கழித்துத் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப் புறப்பட்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். காரைக்குடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது என்னை மிகவும் அலைக்கழித்தது இந்தப் பகுதிதான். வாய்பாடுகளை ஒவ்வொன்றாக நெட்டுருப் போடும் வழியில் போனால் பட்டியல் அனுமார் வாலாக நீளும். மறுவாரம் பாதி மறந்துபோகும். உண்மையில் மனப்பாடம் செய்ய வேண்டியவை வாய்பாடுகள் அல்ல, முப்பது சொச்சம் அயனிகளின் (மின்சுமை ஏறிய அணுக்கள் அல்லது அணுத் தொகுப்புகளின்) மின்சுமைகள் மட்டுமே. அவை நாவில் நின்றுவிட்டால் மீதி முழுவதும் நான்காம் வகுப்புக் கணக்கு.

இக்கட்டுரையில் தனிமங்களின் பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன். உங்கள் நோட்டில் அந்த இடத்தில் குறியீட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பெயரை ஒட்டிக் கீழே சிறிதாக வரும் எண், குறியீட்டுக்கு வலப்பக்கம் கீழே எழுதப்படும் எண்ணாகும்.

1. தொடங்கும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

முதலாவது, எட்டு, ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடநூல்கள். தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் பழைய புத்தகக் கடைக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டாவது, தனிம வரிசை அட்டவணை. கடையில் வாங்குவதானால் தொகுதிகளுக்கு, அதாவது மேலிருந்து கீழாக வரும் வரிசைகளுக்கு, 1 முதல் 18 வரை எண் இட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில பழைய அட்டவணைகளில் ரோமன் எண்ணும் ‘ஏ’, ‘பி’ என்ற எழுத்துகளும் கலந்திருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு இந்த வழிகாட்டியைப் பின்பற்றினால் குழப்பமே மிஞ்சும். மூன்றாவது, அட்டைகள். இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். நம் ஊர்ப் பக்கம் எந்த வீட்டிலும் பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருக்கும். அவற்றின் எழுதாத பக்கத்தைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி, ஒரு புறம் அயனியின் பெயரையும் மறுபுறம் குறியீட்டையும் மின்சுமையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லா வாய்பாடுகளையும் ஒரே இடத்தில் அச்சிட்டு விற்கும் வழிகாட்டி நூல்களை இந்தக் கட்டத்தில் வாங்காமல் இருப்பது நல்லது. விடை கண்முன் இருந்தால் கை கணக்குப் போடாது.

நேரத்தைப் பொறுத்தவரை, நாளுக்கு அரை மணி நேரம் வீதம் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் ஐந்து நாள்கள் அட்டைகளுக்கு மட்டுமே. அவசரப்பட்டு இரண்டாம் நாளே வாய்பாடு எழுதத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் ஐந்தாம் படியில் வந்து சிக்கிக்கொள்கிறார்கள்.

2. இது அயனிச் சேர்மம்தானா என்று முதலில் பாருங்கள்

பெயரின் முதல் பாதி உலோகமாகவோ அம்மோனியமாகவோ இருந்து, இரண்டாம் பாதி அலோகமாகவோ, சல்பேட், கார்பனேட் போன்ற ஒரு தொகுப்பாகவோ இருந்தால் இந்த வழிகாட்டி அதற்குப் பொருந்தும். தண்ணீர், சர்க்கரை, கார்பன் டைஆக்சைடு ஆகியவை அயனிச் சேர்மங்கள் அல்ல. அவற்றை இந்த முறையில் எழுத முயலக் கூடாது. இரண்டும் அலோகமாக இருந்து, பெயருக்குள் ‘மோனோ’, ‘டை’, ‘டிரை’ என்ற எண்ணிக்கைச் சொல் வருமானால் பெரும்பாலும் அது சகப்பிணைப்புச் சேர்மம் (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு உண்டாவது) என்று கொள்ளலாம்.

3. ஓரணு அயனிகளின் மின்சுமையை அட்டவணையிலிருந்து எடுங்கள்

இதற்கு மனப்பாடம் அதிகம் தேவையில்லை. முதல் தொகுதியில் உள்ள லித்தியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவை 1+, இரண்டாம் தொகுதியில் உள்ள மக்னீசியம், கால்சியம், பேரியம் ஆகியவை 2+, அலுமினியம் 3+. வலப்பக்கத்து அலோகங்களுக்கு 18இலிருந்து தொகுதி எண்ணைக் கழித்து எதிர்க்குறி போடுங்கள். குளோரின் 17ஆம் தொகுதியில் இருப்பதால் குளோரைடு 1−. ஆக்சிஜன் 16ஆம் தொகுதியில் இருப்பதால் ஆக்சைடு 2−. நைட்ரஜன் 15இல் இருப்பதால் நைட்ரைடு 3−.

நடுவில் இருக்கும் 3 முதல் 12 வரையிலான தொகுதிகளுக்கு இந்தக் குறுக்குவழி செல்லாது. இரும்பு எட்டாம் தொகுதியில் இருக்கிறது என்பதற்காக அதற்கு 8+ என்று எழுதிவிடாதீர்கள். வெள்ளி 1+, துத்தநாகம் 2+ என்ற இரண்டையும் தனியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு, செம்பு, காரீயம் ஆகியவற்றுக்கு ஏழாம் படியில் வருவோம்.

குறியீட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்வழியில் படிப்பவர்கள் பெயரின் முதல் ஒலியைப் பார்த்துச் சோடியத்துக்கு ‘எஸ்’ என்றும் பொட்டாசியத்துக்கு ‘பி’ என்றும் எழுதிவிடுகிறார்கள். முன்னது கந்தகத்தின் குறியீடு, பின்னது பாஸ்பரஸின் குறியீடு. சோடியத்துக்கு ‘என்.ஏ.’, பொட்டாசியத்துக்கு ‘கே’, இரும்புக்கு ‘எஃப்.ஈ.’ என்பதை அட்டையில் பெரிதாக எழுதிவிடுங்கள். இரண்டெழுத்துக் குறியீட்டில் இரண்டாவது எழுத்து எப்போதும் சிறியதாகவே வர வேண்டும். ‘சி’ பெரிதாகவும் ‘ஓ’ சிறிதாகவும் இருந்தால் கோபால்ட் என்னும் உலோகம்; இரண்டும் பெரிதாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு.

4. பல்லணு அயனிகளை மட்டும் நெட்டுருப் போடுங்கள்

இங்கே குறுக்குவழி கிடையாது. 1+ உள்ளது ஒன்றே ஒன்று, அம்மோனியம். ஹைட்ராக்சைடு, நைட்ரேட், நைட்ரைட், பைகார்பனேட், பெர்மாங்கனேட் ஆகியவை 1−. கார்பனேட், சல்பேட், சல்பைட், டைகுரோமேட் ஆகியவை 2−. பாஸ்பேட் 3−. பள்ளி அளவில் இவ்வளவு போதும்.

சல்பைடு, சல்பைட், சல்பேட் என்ற மூன்றையும் மெதுவாகப் படித்துப் பழகுங்கள். முதலாவதில் கந்தகம் மட்டுமே இருக்கிறது, இரண்டாவதில் கந்தகத்தோடு மூன்று ஆக்சிஜன், மூன்றாவதில் நான்கு. மின்சுமை மூன்றுக்கும் 2− என்பதால் கணக்குச் சரியாக வந்து விடை மட்டும் தவறிப்போகும். சோடியம் சல்பைடு கேட்ட இடத்தில் சோடியம் சல்பேட் எழுதியவருக்குத் தம் தவறு எங்கே என்று பிடிபடவே பிடிபடாது.

5. மொத்த மின்சுமையைச் சுழியாக்குங்கள்

இதுதான் முழு வேலையின் மையம். அந்தக் காலத்துச் செட்டியார் கடைகளில் ஐந்தொகை நேராகாமல் கணக்கப்பிள்ளை இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது; வாய்பாடும் அப்படித்தான், நேர் மின்சுமையின் மொத்தமும் எதிர் மின்சுமையின் மொத்தமும் ஒன்றுக்கொன்று கழிந்து சுழியாக வேண்டும். நேர் அயனியை முதலிலும் எதிர் அயனியை அடுத்தும் எழுதி, எத்தனை எத்தனை எடுத்தால் கணக்கு நேராகும் என்று பாருங்கள்.

சமையல் உப்பில் சோடியம் 1+, குளோரைடு 1−. ஒன்றுக்கு ஒன்று போதும். கால்சியம் குளோரைடில் கால்சியத்துக்கு 2+ இருப்பதால் இரண்டு குளோரைடு தேவை: கால்சியம் குளோரின்₂. அலுமினியம் ஆக்சைடில் 3+, 2− என்று இருப்பதால் இரண்டுக்கும் பொதுவான 6இல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இரண்டு அலுமினியத்தால் 6+, மூன்று ஆக்சைடால் 6−. ஆகவே அலுமினியம்₂ ஆக்சிஜன்₃.

மின்சுமை எண்களை ஒன்றுக்கொன்று குறுக்கே மாற்றிக் கீழே போடும் முறையைப் பள்ளியில் சொல்லித் தருவார்கள். வேகத்துக்கு அது நல்லதுதான். ஆனால் ஏன் மாற்றுகிறோம் என்று தெரியாமல் மாற்றிப் பழகியவர்கள் அடுத்து வரும் இடத்தில் தடுமாறுவார்கள். ஆகவே முதல் வாரம் கூட்டிக் கழித்தே எழுதுங்கள். குறுக்கு முறையை இரண்டாம் வாரத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

தடுமாறும் இடம் கால்சியம் ஆக்சைடு. 2+, 2− ஆகியவற்றைக் குறுக்கே மாற்றினால் கால்சியம்₂ ஆக்சிஜன்₂ என்று வரும். விகிதத்தைச் சுருக்கி, கால்சியம் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்றுதான் எழுத வேண்டும். “அக்கா, ரெண்டும் ரெண்டும் எங்க போச்சு?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. உப்புக்கல் ஒன்றில் கோடானுகோடி அயனிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அதில் தனித்த மூலக்கூறு என்று ஒன்றைப் பிரித்துக் காட்ட முடியாது. வாய்பாடு காட்டுவது அந்த அடுக்கில் எதற்கு எது எத்தனை என்ற மிகச் சிறிய விகிதத்தை மட்டுமே. சோடியம் பெராக்சைடை மட்டும் சோடியம்₂ ஆக்சிஜன்₂ என்று சுருக்காமல் எழுதுகிறோம், ஏனென்றால் அங்கே இரண்டு ஆக்சிஜனும் பிணைந்து 2− உள்ள ஒரே அயனியாக நிற்கின்றன; அதைப் பிளக்க நமக்கு உரிமை இல்லை.

6. அடைப்புக்குறி எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

இதை விளக்க நம் வீட்டுச் சுவரே போதும். கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளின் பளபளப்பான சுவர்ப் பூச்சுக்கு அடிப்படை சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டால் கிடைப்பது கால்சியம் ஆக்சைடு. வாய்பாடு மேலே பார்த்ததுதான். அதன் மேல் தண்ணீர் விட்டால் புஸ்ஸென்று கொதித்துப் பொங்கி, ஆவி பறக்க, கட்டி உடைந்து மாவாகும். (பிள்ளைகளை எட்டி நிற்கச் சொல்லுங்கள், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.) அப்படி நீற்றிய சுண்ணாம்புதான் கால்சியம் ஹைட்ராக்சைடு. கால்சியம் 2+, ஹைட்ராக்சைடு 1−. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுப்பு இரண்டு தேவைப்படுவதால் அதை அடைப்புக்குறிக்குள் வைத்து, வெளியே இரண்டு போட வேண்டும்: கால்சியம்(ஆக்சிஜன் ஹைட்ரஜன்)₂. அடைப்புக்குறியை விட்டுவிட்டால் அந்த இரண்டு ஹைட்ரஜனுக்கு மட்டும் உரியதாகிவிடும்; ஆக்சிஜன் ஒன்றாகக் குறைந்துபோகும்.

பூசிய சுவர் நாள்படக் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொண்டு மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. வெற்றிலைப் பெட்டியில் மூடாமல் விட்ட சுண்ணாம்பு டப்பாவைப் பாருங்கள். மேலே படிந்து விரலுக்கு நொறுங்கும் வெள்ளை ஏடு அதே கார்பனேட்தான், அதன் அடியில் குழைவாக இருப்பது ஹைட்ராக்சைடு. கார்பனேட்டுக்கு 2− இருப்பதால் ஒன்றுக்கு ஒன்றே போதும். கால்சியம் கார்பன் ஆக்சிஜன்₃ என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதுங்கள். தொகுப்பு ஒன்றுக்கு மேல் வந்தால் மட்டுமே அடைப்புக்குறி. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு அது தேவையில்லை. அம்மோனியம் சல்பேட் உரத்தில் அம்மோனியம்தான் இரண்டு வருகிறது என்பதால் அடைப்புக்குறி முன்பக்கம் விழும்: (நைட்ரஜன் ஹைட்ரஜன்₄)₂ கந்தகம் ஆக்சிஜன்₄.

தொகுப்புக்குள் இருக்கும் எண்ணைத் தொடாதீர்கள். கார்பனேட்டின் மூன்றும் சல்பேட்டின் நான்கும் அந்த அயனியின் உடம்போடு வந்தவை. மின்சுமையைச் சமன் செய்வதற்காக அவற்றை மாற்றினால் வேறு பொருளாகிவிடும்.

7. இரண்டு மின்சுமை உள்ள உலோகங்கள்

இரும்புக்கு 2+, 3+ என்ற இரண்டும் உண்டு. செம்புக்கு 1+, 2+. காரீயத்துக்கும் வெள்ளீயத்துக்கும் 2+, 4+. ஆகவே ‘இரும்பு ஆக்சைடு’ என்று மட்டும் கேட்டால் அது முழுமையான கேள்வியே அல்ல. பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் ரோமன் எண் வரும் (இக்கட்டுரையில் அதைச் சாதாரண எண்ணாகவே எழுதியிருக்கிறேன்). அந்த எண் மின்சுமை, அணுக்களின் எண்ணிக்கை அல்ல. இந்த ஒரு குழப்பத்தால் இரும்பு(3) குளோரைடில் மூன்று இரும்பைப் போட்டு வைப்பவர்கள் ஏராளம். சரியான விடை இரும்பு ஒன்று, குளோரின் மூன்று. பழைய பெயர்களும் வினாத்தாளில் வரும்: ஃபெர்ரஸ், குப்ரஸ் என்றால் சிறிய எண், ஃபெர்ரிக், குப்ரிக் என்றால் பெரிய எண்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, சிமெண்டில் கரைத்த வண்ணத்தைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊற வைப்பார்கள். அந்தச் சிவப்பைத் தருவது இரும்பு(3) ஆக்சைடு. இரும்பு 3+, ஆக்சைடு 2−. அலுமினியத்துக்குச் செய்த அதே கணக்கு: இரும்பு₂ ஆக்சிஜன்₃. கறுப்பு இரும்பு ஆக்சைடு மட்டும் இரும்பு₃ ஆக்சிஜன்₄ என்று வந்து பயமுறுத்தும். அதில் 2+ இரும்பு ஒன்றும் 3+ இரும்பு இரண்டும் கலந்திருக்கின்றன. கூட்டினால் 8+, எதிரே நான்கு ஆக்சைடால் 8−. கணக்கு நேர்.

வாய்பாட்டிலிருந்து பின்னோக்கிப் போய் மின்சுமையைக் கண்டுபிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அன்னபேதியின் வாய்பாட்டில் ஓர் இரும்பும் ஒரு சல்பேட்டும் இருக்கின்றன. சல்பேட் 2− என்பதால் இரும்பு 2+ ஆகத்தான் இருக்க வேண்டும். பெயர் இரும்பு(2) சல்பேட். எப்போதும் மாறாத அயனியைப் பிடித்துக்கொண்டு மாறுகிறதைக் கண்டுபிடியுங்கள்.

8. நாட்டு மருந்துக் கடைப் பட்டியலும் படிக நீரும்

அட்டைகள் சலித்துப்போன பிறகு நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சி இது. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் பொருள்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் வாய்பாடு எழுதச் சொல்வேன். இந்துப்பு பெரும்பகுதி சோடியம் குளோரைடு. நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு. வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட். சோடா உப்பு சோடியம் பைகார்பனேட். பெயரை எழுதினால் போதும், பொருளை வாங்க வேண்டியதில்லை. குறிப்பாக மயில்துத்தம் நஞ்சு, அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

பேதி உப்பு, மயில்துத்தம் போன்றவற்றில் படிகத்தோடு நீரும் சேர்ந்திருக்கும். வாய்பாட்டை வழக்கம்போல் முடித்துவிட்டு, நடுவில் ஒரு புள்ளி வைத்து நீர் மூலக்கூறுகளின் எண்ணிக்கையை எழுத வேண்டும். பேதி உப்பு என்னும் மக்னீசியம் சல்பேட்டுக்கு ஏழு, மயில்துத்தம் என்னும் செம்பு(2) சல்பேட்டுக்கு ஐந்து, அன்னபேதிக்கு ஏழு. நீருக்கு மின்சுமை கிடையாது என்பதால் அது கணக்கில் சேராது. இந்த எண்களை ஊகிக்க வழியில்லை, நினைவில்தான் வைக்க வேண்டும்.

முகம் மழித்த பிறகு தேய்க்கும் படிகாரத்தை எழுத வந்துவிட்டால் நீங்கள் தேறிவிட்டீர்கள் என்று கொள்ளலாம். அதில் பொட்டாசியம் ஒன்று, அலுமினியம் ஒன்று, சல்பேட் இரண்டு, நீர் பன்னிரண்டு. நேர்ப்பக்கம் 1உம் 3உம் சேர்ந்து நான்கு. எதிர்ப்பக்கம் இரண்டு சல்பேட்டால் நான்கு.

9. எழுதி முடித்தவுடன் சரிபார்ப்பு

விடைக்குக் கீழே பென்சிலால் மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள். இதற்குப் பத்து விநாடி ஆகும். பிறகு மூன்றை மட்டும் கவனியுங்கள். இறுதி வாய்பாட்டில் கூட்டல், கழித்தல் குறிகள் தங்கியிருக்கக் கூடாது. கீழே ‘1’ என்ற எண் எழுத வேண்டியதில்லை. கீழே வரும் எண் வரிக்குச் சமமாக ஏறிவிடக் கூடாது. அவசரத்தில் எழுதும்போது அது அடுத்த தனிமத்துக்கு முன்னால் நிற்பதுபோல் ஆகிவிடுகிறது.

10. பயிற்சிக்கு ஏழு

விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு இவற்றை எழுதிப் பாருங்கள்: பொட்டாசியம் சல்பைடு, மக்னீசியம் நைட்ரைடு, அலுமினியம் சல்பேட், காரீயம்(2) நைட்ரேட், இரும்பு(3) ஹைட்ராக்சைடு, கால்சியம் பாஸ்பேட், கால்சியம் பைகார்பனேட்.

விடைகள்: பொட்டாசியம்₂ கந்தகம். மக்னீசியம்₃ நைட்ரஜன்₂. அலுமினியம்₂(கந்தகம் ஆக்சிஜன்₄)₃. காரீயம்(நைட்ரஜன் ஆக்சிஜன்₃)₂. இரும்பு(ஆக்சிஜன் ஹைட்ரஜன்)₃. கால்சியம்₃(பாஸ்பரஸ் ஆக்சிஜன்₄)₂. கால்சியம்(ஹைட்ரஜன் கார்பன் ஆக்சிஜன்₃)₂. கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் இது கொதிக்கும்போது சிதைந்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகக் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது.

ஏழில் ஐந்தோ அதற்கு மேலோ சரியாக வந்தால் சமன்பாடுகளுக்குப் போகலாம். நான்கும் அதற்குக் கீழும் வந்தால், தவறியவை எந்தப் படியைச் சேர்ந்தவை என்று பார்த்து அந்த ஒரு படியை மட்டும் மீண்டும் படியுங்கள்.